கொக்கி லாத்தா கடைசிப் பாகம் பார்ப்பதில்லை

ஒரு காலத்தில் கீழக்கரையில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவைத் தீர்மானித்தவர்கள் கொரியாக்காரர்கள். நம்ப மாட்டீர்கள். எங்கள் தெருவுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். டேப்பு என்னவோ கொக்கி லாத்தாவின் கழுத்தில்தான் கிடக்கும். அளவும் ஒழுங்காகத்தான் எடுப்பார். ஆனால் துணியை மிஷினில் வைக்கும்போது எதிரே சாய்த்து வைத்த செல்போனில் என்ன கொரியத் தொடர் ஓடுகிறதோ, அதுதான் தையல். கொலைக் கதை ஓடினால் கை மூச்சு முட்டும். காதல் கதை ஓடினால் இடுப்பில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கும். மாமியார் கொடுமைத் தொடரில் தைத்த ஜாக்கெட்டைப் போட்டவர்கள், அதற்கப்புறம் கையைத் தூக்கிப் பஸ்ஸை நிறுத்தியதே கிடையாது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் துணியைக் கொடுக்கும் முன் வாசலிலேயே நின்று விசாரிப்பார்கள்.

"லாத்தா, இப்ப என்னா ஓடுது?"

"அவனைக் கெணத்துல தள்ளிட்டாங்க. யாருன்னு தெரியல."

"அப்ப நான் பொறவு வாரேன்."

கல்யாணத் துணி வைத்திருப்பவர்கள் நல்ல காதல் கதை வரும்வரை காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் ஃபேன்சி ஸ்டோர் லாத்தாவின் கடையை ஒட்டித்தான் இருந்தது. நூல், லைனிங், பட்டன் எல்லாம் என்னிடம்தான் வாங்குவார். காசு கொடுக்காமல் பாதி உலகக் கதையை நான் கேட்டது அப்படித்தான்.

லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கொக்கி என்ற பெயர் வந்த விதம் இது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த ஆண்கள் பிரியாணி தின்று படுத்த பிறகு, லாத்தா தன் வாடிக்கைப் பெண்களின் வாட்ஸப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவார். அந்த மாதம் அவர் பார்த்ததில் ஒரு தொடர், கேட்டதில் ஒரு பாட்காஸ்ட், படித்ததில் ஒரு புத்தகம். இதற்கு 'வெட்டுத்துண்டு' என்று பெயர். தைத்தது போக மிச்சம் கீழே விழுவது அதுதானே. மதிப்பெண்ணும் உண்டு.

"நட்சத்திரமெல்லாம் ஓட்டலுக்குப் போடுறது. ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கி. நம்ம கணக்கும் ஆறுதான்" என்பார். ஆறுக்கு ஆறு வாங்கிய கதை எதுவும் கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஆறையும் போட்டுட்டா மூச்சு விட எடம் வேணாமா புள்ள?"

புத்தகம் படிப்பது மட்டும் மாதம் ஒன்றுக்கு மேல் தாண்டாது. அதற்கு லாத்தா பொறுப்பில்லை. மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு மோட்டார் மிஷின் ஓடாது. காலையில் கரண்டு போனதும் புத்தகத்தைத் திறப்பார், சாயங்காலம் ஃபேன் சுற்றியதும் மூடுவார். எழுத்தாளர் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் சரி, லைன்மேன் கம்பத்தைவிட்டு இறங்கினால் கதை முடிந்தது.

பாட்காஸ்ட் விமர்சனத்துக்குத்தான் ரசிகைகள் அதிகம். "இந்த மாசம் ஒரு பெரிய டாக்டரு தூக்கத்தைப் பத்திப் பேசுனாரு. நல்லா இருந்துச்சு. பேரு சொன்னாரு, பொறவு நான் தூங்கிட்டேன். அஞ்சு கொக்கி." இன்னொரு மாதம்: "ரெண்டு ஆம்பளைங்க ஒக்காந்து ஒரு மணி நேரம் தனிமையைப் பத்திப் பேசுறாங்க. ரெண்டு பேரு இருக்கையில அது என்னா தனிமை? ரெண்டு கொக்கி. ஆளுக்கு ஒண்ணு."

எல்லாம் சரி. ஒரே ஒரு விஷயத்தில்தான் லாத்தா உலகத்தோடு ஒத்துப்போகவில்லை. அவருடைய கதைகளில் யாரும் செத்ததில்லை.

இது எனக்குத் தெரியவந்தது ஒரு துப்பறியும் நாவலால். நான் கொடுத்த நாவல்தான் அது. முதல் பக்கத்திலேயே பிணம். அந்த மாத வெட்டுத்துண்டில் லாத்தா சொன்னார்: "ஒரு பெரிய மனுசன் நடுவீட்டுல கெடக்காரு. எல்லாரும் கொலைன்னு பதறிட்டாங்க. கடைசியில பாத்தா மயக்கம். குளுக்கோஸ் ஏத்துனாங்க, எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு. இன்ஸ்பெக்டரு வந்து நலம் விசாரிச்சுட்டுப் போனாரு. நாலு கொக்கி."

கையில் இருந்த கொக்கி டப்பாவோடு நேரே போய் நின்றேன். "என்ன லாத்தா இது? அந்த ஆளைத்தான் விஷம் வச்சுக் கொன்னுட்டாங்களே!"

"அது அவங்க ஊர்ல."

"கடைசி அத்தியாயத்தைப் படிச்சீங்களா இல்லையா?"

"நான் எதையும் கடைசி வரைக்கும் பாக்கவும் மாட்டேன், படிக்கவும் மாட்டேன். அதுக்கு முந்தியே மூடி வச்சிருவேன்." மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நம்ம குரூப்புல எத்தனை வீட்டுல மாப்புள சபுருல இருக்காருன்னு தெரியுமா? சவுதி, கத்தாரு, துபாய். ராத்திரிக்கு போனு வரலைன்னா அவளுகளுக்குச் சோறு எறங்காது. அவளுகள்ட்டப் போயி கதையில ஒருத்தன் மவுத்தாயிட்டான், திரும்பி வரலைன்னு நான் சொல்லவா? என் கதையில போனவன் எல்லாம் வருவான்."

இத்தனைக்கும் லாத்தாவின் மாப்பிள்ளை, அதாவது வீட்டுக்காரர், எங்கும் போனவர் இல்லை. தினமும் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, தானும் சாப்பிட்டு, வெட்டுத்துணி மூட்டையில் சாய்ந்து குறட்டை விடுவார். "இவரை எவன் கூப்புட்டாலும் போக மாட்டாரு. நான் வாசல் வரைக்கும் போனாலே தேடி வந்துருவாரு" என்று லாத்தா அலுத்துக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வெட்டுத்துண்டு, ஒருநாள் ஒரு பெண்ணின் வாழ்க்கையிலேயே கத்தரியை வைத்தது.

நசீரா எங்கள் தெருப் பெண். கல்யாணம் முடிந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இம்ரான் பெண் வீட்டுக்கே குடிவந்து, விருந்துகள் முடிவதற்குள் லீவு முடிந்து கத்தாருக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பழகியதே கொஞ்சம். போனில் என்ன பேசுவது?

"சாப்டீங்களா மச்சான்?"

"சாப்டேன். நீ?"

"சாப்டேன்."

அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். இந்த லட்சணத்தில் ஒரு குடும்பம் எத்தனை வருஷம் ஓடும் என்று நசீராவின் உம்மாவுக்கே பயம். அப்போதுதான் நசீராவுக்கு வெட்டுத்துண்டு கைகொடுத்தது. லாத்தா சொன்ன கொரியத் தொடரைப் பற்றி அவனிடம் பேச, "நானும் பாக்குறேன், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதைப் பத்திப் பேசலாம்" என்று அவன் சொல்ல, பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. ஒரு கப்பல் இஞ்சினியரும், துறைமுகத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அவன் பெண்டாட்டியும்தான் கதை.

இதில் ஒரே சிக்கல், நசீரா அந்தத் தொடரைப் பார்க்கவே இல்லை. போனைச் சாய்த்து வைத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடுகிற பிறவி அது. வாராவாரம் லாத்தா கடை வாசலுக்கு வந்து கதையைக் கேட்டுக்கொண்டு போய், தான் பார்த்த மாதிரியே பேசிக்கொண்டிருந்தாள்.

தொடர் முடிந்தது. லாத்தா வழக்கம்போலக் கடைசிப் பாகத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தன் முடிவைச் சொன்னார். நல்ல மழை. நூடுல்ஸ் கடை வாசலில் டாக்சி வந்து நிற்கிறது. கப்பல் இஞ்சினியர் இறங்குகிறான். கையில் டின் பால் பவுடர், தலைவலித் தைலம், புலிப்படம் போட்ட கம்பளி.

அந்த வெள்ளிக்கிழமை நசீரா போனில் சொல்லியிருக்கிறாள்: "அவரு கம்பளியோட வந்து எறங்குனப்ப நான் அழுதுட்டேன் மச்சான்."

அந்தப் பக்கம் இம்ரான், "கம்பளியா? கப்பல் முங்கி அந்தாளு மவுத்தாயிட்டான். அப்ப நீ பாக்கவே இல்ல. நான் வேலை முடிஞ்சு வந்து, ரூம்ல போர்வையத் தலையோட மூடிக்கிட்டு உனக்காகப் பாத்தேன். இத்தனை நாளும் நீ பேசுனதெல்லாம் பொய்யி."

போன் கட். அடுத்த வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை.

நசீரா ஒரு நைட்டித் துணியைச் சாக்காக எடுத்துக்கொண்டு வந்து, அதை லாத்தாவின் மடியில் போட்டுவிட்டு அழுதாள். லாத்தா மிஷினை நிறுத்தினார். போனை நிறுத்தினார். ஒரே நேரத்தில் இரண்டும் நின்றதைத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. மூட்டையில் தூங்கிக்கொண்டிருந்த அவர் மாப்பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்து, "என்னா, கரண்டு போச்சா?" என்றார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் லாத்தா. என் பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, ஷட்டரப் பாதி எறக்கு. என் பக்கத்துல வந்து ஒக்காரு. அந்தக் கடைசிப் பாகத்தப் பாக்கணும்."

மூன்று பேரும் பார்த்தோம். புயல் வந்ததும் லாத்தா என் கையைப் பிடித்தார். கப்பல் சாய்ந்தபோது என் வளையல் ஒன்று உடைந்தது. "ஏன்டா பாவி, உனக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா" என்று கதை எழுதியவனைத் தமிழில் திட்டினார். கப்பல் முழுகிய பிறகும் படம் முடியவில்லை. மறுநாள் விடிகிறது. அந்தப் பெண் எழுந்து வந்து கடையைத் திறக்கிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். முதல் ஆள் வந்து உட்கார்கிறான். கிண்ணத்தை வைக்கிறாள். அவ்வளவுதான்.

லாத்தா தன் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நசீராவின் போனை வாங்கி, இம்ரானுக்கு ஒரு குரல் பதிவு போட்டார்.

"தம்பி இம்ரான், அஸ்ஸலாமு அலைக்கும். நான் கொக்கி லாத்தா பேசுறேன். நீங்க சொன்னதுதான் சரி, அந்தாளு மவுத்து. இப்பத்தான் பாத்தேன். கம்பளி, பால் பவுடரு, தைலம் எல்லாம் நான் குடுத்து விட்டது. இவ பாக்காமப் பாத்தேன்னு சொன்னது தப்புதான். ஆனா தம்பி, ஒக்காந்தாத் தூங்கிப்போற புள்ள, உங்கள்ட்டப் பேச ஒரு பேச்சு வேணுமேன்னு என் வாசல்ல வந்து கால் கடுக்க நின்னு கேட்டுட்டுப் போகும். இன்னொண்ணு. கப்பலோட கதை முடியல. அந்தப் பொம்பள மறுநாளு கடை தெறக்குறா. அதைப் பாத்தீங்களா? எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

அவன் கேட்டுவிட்டான் என்பதற்கு நீல டிக் மட்டும் விழுந்தது. அந்த வாரம் லாத்தா ஒரு துணியையும் தொடவில்லை. வாசலுக்கு வந்தவர்கள் என்ன ஓடுகிறது என்று கேட்காமலே திரும்பிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நசீரா போனை ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். குரல் பதிவு. ஆனால் பேசியது இம்ரான் இல்லை. பின்னால் பாத்திரச் சத்தம், நாலைந்து ஆண்களின் இரைச்சல்.

"லாத்தா, நான் உச்சிப்புளி முருகேசன். இம்ரான் ரூம்தான். அந்தப் படத்தப் பாத்துட்டு இங்கன எவனும் ஒழுங்காச் சாப்புடல. நீங்க என்னமோ கம்பளி முடிவு வச்சிருக்கீங்களாமே, அதை மொதல்லருந்து சொல்லுங்க. ஏலே, தள்ளுடா, நான் பேசிட்டுத் தாரேன்."

லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நேரத்தில் போன் அடித்தது, இம்ரானேதான். நசீரா பதறிப்போய், அளவு பார்க்கும் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டாள். துணித் திரைதானே. எல்லாம் கேட்டது.

"அந்தப் பொம்பள கடை தெறந்தாளாமே?"

"ஆமா மச்சான். இந்தத் தடவ நெசமாப் பாத்தேன். தூங்கல."

"நான் அதைப் பாக்கல. கப்பல் முங்குனதும் அணைச்சுட்டேன். மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"அப்ப நீங்களும் முழுசாப் பாக்கல!"

"சரி, சரி. இப்பப் போடு. உம்மாட்ட ஒரு போனை வாங்கிக்க. நானும் இங்கன போடுறேன். சேந்து பாப்போம்."

லாத்தா என் போனைப் பிடுங்கித் திரைக்குள் நீட்டினார். வெளியே மூன்று பேர் ஜாக்கெட் துணியோடு நின்றார்கள். உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் உட்காரச் சொன்னார். அன்றைக்கு யாருக்கும் அளவு எடுக்கவில்லை.

லாத்தா இப்போது பெரியபட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் முன்போல் இல்லை என்று தையலை விட்டுவிட்டார். வெட்டுத்துண்டு மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. கத்தார் ரூம்காரர்களும் குழுவில் சேர்ந்துவிட்டார்கள். ஒரே ஒரு மாற்றம்தான். "கடைசிப் பாகம் நான் பாக்கல. இது நம்ம ஊரு முடிவு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

இது அச்சாகும் இந்தப் பத்திரிகையும் அவர் கைக்குப் போகும். இதையும் கடைசிப் பத்திக்கு முன்னால் மூடி வைத்துவிடுவார். அந்தத் தைரியத்தில்தான், நேரில் பார்த்தால் வாய் வராத ஒன்றை இங்கே கேட்டு வைக்கிறேன். லாத்தா, எப்ப வாரீங்க?