துடைப்பக் குச்சிக்குக் கிடைத்த சான்றிதழ்

இடது கை தொட்டிலை ஆட்டுகிறது, வலது கை எழுதுகிறது. எழுத்து கோணியிருந்தால் பிள்ளை புரண்டுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போட்டு அனுப்பிய தோட்டில் ஒன்றின் தண்டு ஒடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறாள். வந்ததும் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், காதைத்தான் பார்ப்பாள். ஜோடியையும் கழற்றி, ஓட்டை தூர்ந்துபோகாமல் இரண்டு காதிலும் துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டு, தோட்டைப் பற்றவைக்க நகைக்கடைக்குப் போனேன்.

வாசலில் புதுப் பலகை: 'இங்கு யாரும் அழாத தங்கம் மட்டுமே.' சுரங்கத்தில் சின்னப் பிள்ளைகளை இறக்கி எடுக்கிற தங்கம் வேண்டாம் என்று படித்த பெண்கள் சங்கம் கடைக்காரரை நெருக்கியதாம். நியாயம்தானே? எனக்கும் சந்தோஷம். உடனே மேலிடம் ஓர் அலுவலரையும், அவருக்கு ஒரு மேசையையும், மேசைக்கு ஒரு மின்விசிறியையும் அனுப்பிவிட்டது.

அலுவலர் என் தோட்டை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"அம்மா குடுத்தது சார். அப்பா வாங்கினது."

"வாங்கும்போது யாராவது அழுதாங்களா?"

எனக்குப் பொய் வராது. "அப்பா கொஞ்சம் அழுதாராம். எனக்குப் போட்டு அனுப்பும்போது அம்மா அழுதாங்க. காது குத்தினப்போ நானும்..."

"மூணு பேர் அழுத தங்கம்!" என்று எழுதிக்கொண்டார். "இதைக் கடைக்குள்ளயும் வெச்சுக்க முடியாது, வெளியவும் விட முடியாது. பறிமுதல்."

கண்ணாடிக்குள் இடுப்பு வரை தொங்குகிற ஆரம் ஒன்று மின்னியது. "அப்போ அது சார்?"

"அதுல யாரும் அழலைன்னு முதலாளியே எழுதி, முதலாளியே கையெழுத்துப் போட்டிருக்காரு. சாட்சியும் அவரேதான்."

முதலாளி அடக்கமாகத் தலைகுனிந்தார்.

"ஆமா, காதுல என்ன அது?"

"துடைப்பக் குச்சி சார். எங்க வீட்டுத் துடைப்பத்துல உருவினது."

"உருவும்போது?"

"யாரும் அழலை சார்."

மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். முழுப் பூர்வீகமும் தெரிந்த அணிகலனை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். என்னிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, 'சான்றிதழ் எண் 1' என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே முதலாளி ஆள் அனுப்பினார். சான்றிதழ் பெற்ற துடைப்பத்துக் குச்சிதான் வேண்டுமாம். கொடுத்தால் தோடு சீக்கிரம் திரும்புமாம். அம்மா வருவதற்குள் வேண்டுமே என்று ஒவ்வொன்றாக உருவிக் கொடுத்தேன். சங்கத்துப் பெண்களெல்லாம் காதில் குச்சியோடு நடந்தார்கள். என் நாத்தனாரும் வெல்வெட் பெட்டியில் ஒரு ஜோடி வாங்கிவந்தாள். நுனியில் பொட்டளவு தங்கம்.

அலுவலரிடம் ஓடினேன். "இந்தத் தங்கம் ஏது சார்?"

"பறிமுதல் பண்ணினதுதான். உருக்கிட்டா கண்ணீரெல்லாம் ஆவியாயிடும்மா. விதியே இருக்கு. சந்தோஷப்படுங்க, உங்க தோடு இப்போ ஊர்ல பாதி காதுல இருக்கு."

நாளைக்கு ஞாயிறு. என் காதில் குச்சி. துடைப்பத்தில் கட்டின கயிறு மட்டும்தான் மிச்சம்.

"ஏண்டி, வாசல் பெருக்கணும், துடைப்பம் எங்கே?"

மாமியார் கூப்பிடுகிறார். இந்தக் குச்சியால் யாரும் அழவில்லை என்று கையெழுத்துப் போட்டது நான்தான், ஆனால் அவர் வருகிற வேகத்தைப் பார்த்தால் முதலில் அழப்போவது