உள்ளான் சுடப் போன மாப்பிள்ளை

வாஸ்ஸோவைப் பெண் கேட்டுப் போன வீட்டில் பாந்தெலிஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் கிரேக்கத்தில் பட்டாளத்துக்குப் போய்வந்த ஆண்பிள்ளை அளக்காமல் இருந்ததுண்டா?

"பட்டாளத்துல என்ன வேலை தம்பி?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா ஸ்டெர்கியோஸ். அவர் தலையாட்டினால்தான் வாஸ்ஸோ கிடைப்பாள்.

"ஸ்னைப்பர் மாமா," என்றான், இங்கிலீஷில் சொன்னால் எடுபடும் என்று. உருளைக்கிழங்கு உரித்தே காலம் தள்ளியவன்.

"அப்படின்னா?"

ஊஸோ குடிக்க வந்திருந்த இங்கிலீஷ் வாத்தியார் லாம்ப்ரோஸுக்கு இது போதாதா!

"ஸ்னைப்னா நம்ம உள்ளான் குருவி. வளைஞ்சு வளைஞ்சு பறக்கும், லேசுல மாட்டாது. இந்தியாவுல இருந்த இங்கிலீஷ் சிப்பாய்ங்க பொழுதுபோகாம அதைச் சுடப் போவாங்க. அடிக்கிறவன் ஸ்னைப்பர். பிற்காலத்துல ஒளிஞ்சிருந்து ஆளைச் சுடுறவனுக்கு அந்தப் பேரு வந்துடுச்சு."

"குருவியில ஆரம்பிச்சு மனுசன் வரைக்குமா," என்ற ஸ்டெர்கியோஸ் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நம்ம மெசொலொங்கி சதுப்புல உள்ளானுக்கா பஞ்சம்? ஞாயித்துக்கிழமை போவோம்."

"என்கிட்ட துப்பாக்கி இல்லையே மாமா!"

"என்னோடதை எடுத்துக்கோ," என்றார் வாத்தியார்.

"கண்ணு வேற... கிட்டத்துல இருக்கிறது சரியாத் தெரியாது."

"அப்ப தூரத்துல இருக்கிறதைச் சுடு," என்றபடி ஆலிவ் தட்டை வைத்துவிட்டுப் போனாள் ஸ்டெர்கியோஸின் மனைவி எவந்தியா.

ஞாயிறு காலை சதுப்பில், முதல் குண்டு சேற்றில் இறங்கியது. இரண்டாவதில் பாந்தெலிஸே சேற்றில் விழுந்தான். மூன்றாவது, எவந்தியா கட்டிக்கொடுத்த பாலாடைக்கட்டி அடைப் பொட்டலத்தைத் துளைத்தது. உள்ளான்கள் சௌக்கியமாகப் பறந்து போயின. ஸ்டெர்கியோஸ் தன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"மாமா, நான் சமையக்கட்டுலதான் இருந்தேன். எங்கே வாஸ்ஸோவைத் தராமப் போயிருவீங்களோன்னு பயத்துல சொல்லிட்டேன்." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெர்கியோஸ் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இருவரும் வீடு திரும்பினார்கள். வாசலில் மனைவியைப் பார்த்து, "கல்யாணத்துக்கு நாள் பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாந்தெலிஸ் சேறு சொட்டச் சொட்ட நின்றான். "எப்படி அத்தை? ஒண்ணுகூட விழலையே!"

எவந்தியா குரலைத் தாழ்த்தினாள்.

"சைப்ரஸ் சண்டையில அந்த ஸ்னைப்பர் வேலையை நெசமாப் பார்த்தவரு அவருதாம்ப்பா. ஒரு குருவி விழுந்திருந்தாலும் உனக்குப் பொண்ணு கிடையாதுன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புனாரு."