காப்பிக்கு வந்த கிரேக்க வைத்தியம்

இனிமேல் எங்கள் வீட்டில் காப்பி குடிப்பவன் நான் ஒருவன்தான் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை தீர்மானம் செய்தேன். ஆபத்துக்குப் பாவமில்லை. யுத்தம் வந்ததிலிருந்து சாலைக் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை கண்ணில் படுவதே அபூர்வம். கடைக்காரர் தாணுலிங்கம் பழகிய தோஷத்துக்கு வாராவாரம் ஒரு சின்னப் பொட்டலம் தருவார். ஒருவருக்குக் காணும். இருவர் பங்கிட்டால் கரமனை ஆற்றுத் தண்ணீரைச் சுட வைத்துக் குடிக்கலாம், அவ்வளவுதான்.

என் மனைவி சூடாமணியிடம் இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஆகவே வைத்தியத்தின் வழியாக நுழைந்தேன். நான் குமாஸ்தாவாக இருக்கும் சர்க்கார் கச்சேரியில் எனக்கு அடுத்த மேஜை வேதமாணிக்கம் ஓய்வு வேளையில் ஹோமியோபதி பார்ப்பவர். சர்க்கரை உருண்டை கொடுத்து, காப்பி கூடாது என்று பத்தியமும் சொல்லுவார். எனக்கு வேண்டியது அந்தப் பத்தியம்தான். சூடாமணிக்குச் சாயங்காலமானால் தலைவலி வரும். அதற்கென்று ஒரு புட்டி வாங்கினேன்.

கூடவே பெயருக்கு விளக்கமும் கேட்டுக்கொண்டேன். விளக்கமில்லாமல் அவள் எதையும் விழுங்கமாட்டாள். 'ஹோமியோ' கிரேக்க பாஷையாம். 'ஹோமோயோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். ஒத்தது, அதே மாதிரியானது என்று அர்த்தம். பின்னால் வரும் 'பதி'க்குத் துன்பம் என்று அர்த்தமாம். அதற்குக் கிரேக்கம் படித்திருக்க வேண்டாம், கல்யாணமாகியிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சூடாமணிக்கு எடுத்துச் சொன்னேன். எது நோயை உண்டாக்குமோ அதே மாதிரியானதுதான் நோயைத் தீர்க்கும், முள்ளை முள்ளால் எடுப்பதுபோல, என்றேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். ஒரு ஜெர்மானிய டாக்டர் என்றேன்.

"அவாளோடத்தானே இப்போ சண்டை?"

"இவர் போய் நூறு வருஷமாச்சுடி."

அவள் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செரி, என் தலைவலி எதனால ஆக்கும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"சந்தேகமே வேண்டாம். காப்பியாலதான்."

"அப்போ மருந்தும் காப்பிதானே?"

அசல் மருந்தே ஆத்தில் இருக்கும்போது உருண்டை எதற்கு என்று புட்டியை என்னிடமே கொடுத்துவிட்டாள். மருந்தைப் பங்கு போடக்கூடாது என்பதையும் அவளே சொன்னாள். மறுநாள் காலை அவள் டம்ளரில் கள்ளிச்சொட்டுக் காப்பி. என் டம்ளரில் சீரகம் போட்டுக் கொதித்த வெந்நீர், ஜீரக வெள்ளம்.

அந்த வாரம் நான் பட்ட பாடு நாய் படாது. அடுக்களையிலிருந்து டிகாக்ஷன் வாசனை வரும்போதெல்லாம் அழுகை வந்தது. கச்சேரியில் மண்டை பிளந்தது. மேலதிகாரிக்குப் போகவேண்டிய காகிதக் கட்டைப் பியூனுக்கு அனுப்பிவிட்டு, பியூன் எதிரிலேயே திட்டு வாங்கினேன். வேதமாணிக்கம் இரக்கப்பட்டுக் கொடுத்த உருண்டைகளும் ஒன்றும் செய்யவில்லை. சூடாமணியின் தலைவலியோ போன இடம் தெரியவில்லை.

கடைசியில் மானத்தை விட்டேன். நானும் நோயாளிதான், எனக்கும் அந்த மருந்தில் ஒரு வாய் கொடு என்று கேட்டுக்கொண்டு அடுக்களையில் போய் நின்றேன். அவள் பதறிப்போய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து வலிக்கறது?"

"காப்பி நின்னதுலேர்ந்து."

"வேற காரணம் ஒண்ணும் இல்லையே?"

"சத்தியமா இல்லை. காப்பி குடிக்காததனாலதான்."

சூடாமணி சற்று யோசித்தாள். அவள் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"அப்போ, ஏன்னா, குடிக்காம இருக்கறதுதானே உங்களுக்கு மருந்து?"

அந்த மருந்தை வேளை தவறாமல் சாப்பிட்டு வருகிறேன்.