ராஜப்ரியாவுக்கு ஒரு படகு ஆட்டம்

நாச்சிமுத்து மகளுக்காக வாங்கிய பிறந்தநாள் பரிசு அவருடைய செல்போனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

"இதை வெளிய எடுத்துப் பொட்டலம் கட்ட முடியாதா தம்பி?" என்று செல்போன் கடை செலஸ்டினைக் கேட்டார்.

"இது டவுன்லோடு கேமுங்ணா. உங்க அக்கவுண்ட்லதான் இருக்கும். மொதல்லயே சொன்னனே, ஓசியில எறக்கி பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன்னு."

"திருட்டுப் பொருளை எம்புள்ளைக்குக் குடுப்பனா?"

கீழ் கோத்தகிரி டீ பேக்டரியில் முப்பது வருஷம் இலை எடை போட்டவர். தராசில் காட்டிய நேர்மையை வீட்டில் காட்டவில்லை. பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தால், இரண்டு பேர் சேர்ந்து துடுப்புப் போடுகிற அந்தப் படகு வீடியோ கேமை வாங்கித் தந்து, கூட உட்கார்ந்து ஆடுவதாக ராஜப்ரியாவிடம் சொல்லியிருந்தார். அவளும் முதலாவதாக வந்தாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு விளையாட்டு?" என்று வாய் கூசாமல் கேட்டார்.

பிறகு அவள் பவுல்ராஜைக் கட்டிக்கொண்டபோது கல்யாணத்துக்கும் போகவில்லை. குன்னூர் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? ஆறு வருஷமாகப் பேச்சில்லை. இப்போது இவர் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. வாய் கெடுத்ததைக் கை சரிசெய்யும் என்று நம்பினார், பாவம்.

ஊட்டி போய் ஒரு வீடியோ கேம் கேசட் வாங்கி வந்தார். அட்டையில் நானூறு ஆட்டம். உள்ளே நாலே ஆட்டம், நூறு தடவை. படகைக் காணோம்.

"இதும் போலிதானுங்ணா," என்றான் செலஸ்டின்.

ஆக, யோக்கியர் திருட்டுப் பொருளும் வாங்கியாயிற்று.

அடுத்து ஜப்பானிலிருந்து ஒரிஜினலையே வரவழைத்தார். செலஸ்டினின் பழைய கேம் மெஷினில் அது நுழைய மறுத்தது. பேக்டரியில் அரம் இரவல் வாங்கி ஓரத்தைத் தேய்த்தார். நுழைந்துவிட்டது. ஆனால் திரும்பி வரவில்லை. மெஷினும் போயிற்று.

தன் மெஷினுக்கு வந்த கதியைப் பார்த்த செலஸ்டின், பழைய சாமான் விற்கும் ஆப்பில் தானே தேடி ஒன்றைக் கண்டுபிடித்தான். நம் ஊர் மெஷினுக்கானது, ஒரிஜினல், பெட்டியே பிரிக்காதது. விற்பவர் பெயரோ போன் நம்பரோ இல்லை, ஆப் போட்ட ஒரு அடையாள எண்தான்.

"பிரிக்காமயே ஏன் விக்கறாங்களாம்? கேளு தம்பி."

பதில் உடனே வந்தது. "சேர்ந்து ஆட ஆள் வரவில்லை."

"அய்யோ பாவம்," என்று உச்சுக்கொட்டினார் நாச்சிமுத்து. யாரோ ஒருத்தருடைய துக்கத்துக்காக விலைகூடப் பேசாமல் பணத்தைக் கட்டினார். தான் நேரில் நீட்டினால் மகள் வாங்கமாட்டாள் என்று, பார்சல் சேரவேண்டிய இடத்தில் அவளுடைய குன்னூர் விலாசத்தையே போடச் சொன்னார்.

மறுநாள் காலை கூரியர்காரர் போன் செய்தார்.

"எம்புள்ளை வாங்கிக்கிட்டாளுங்களா? திருப்பி அனுப்பிட்டாளா?"

"இன்னும் குடுக்கவே இல்லீங்க சார். பார்சலை எடுக்கத்தான் குன்னூர் வந்திருக்கறேன்," என்றார் அவர். "அனுப்பற ஊடும் வாங்கற ஊடும் ஒண்ணாவே இருக்குது, நான் இதை எங்க கொண்டுபோய்க் குடுக்கறதுங்க?"