மருந்து விழுந்த கிணறு

கிணற்றுத் தண்ணீர் சிவந்ததும் மேலத்தெரு மொத்தமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டது.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் சத்தியநேசன் காலி மருந்துப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டிய வருஷம் அது. பாளையங்கோட்டைக்குள் வாந்திபேதி நுழைந்து, அந்தத் தெருவில் ஒரு தாயையும் பிள்ளையையும் கொண்டுபோயிருந்தது. குடிதண்ணீர்க் கிணறுகளுக்கெல்லாம் மருந்து போட வேண்டும், வாய்க்கால் தண்ணீரை ஒருத்தரும் குடிக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. உத்தரவு மெட்ராஸிலிருந்து ஒழுங்காக வந்துவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

“கழிச்சல்ல போவான், கிணத்தைக் கெடுத்துட்டானே” என்று ஒருத்தி வைதுவிட்டுப் போனாள். கழிச்சலைத் தடுக்க வந்தவருக்கு இப்படி ஒரு வாழ்த்து.

பேதி கண்ட வீட்டுத் துணிமணியெல்லாம் அந்த வாய்க்காலில்தான் அலசுகிறார்கள். சேவகன் முப்பிடாதியைப் படித்துறையில் காவல் வைத்தார். ஜனங்கள் படித்துறையை விட்டுவிட்டு, துணி துவைக்கிற கல்லுக்குக் கீழ்ப்பக்கமாக இறங்கி மொண்டார்கள். அதுவரை குடித்தது பாதி அழுக்கு என்றால் இது முழு அழுக்கு.

“அடிச்சு விரட்டட்டுமா அய்யா?” என்றான் முப்பிடாதி.

“தாகத்துக்கு வாரவள அடிப்பியாலே? போ, பேசாம இரு.”

தெருவுக்குப் பெரிய மனிதர் ஆவுடைநாயகம் பிள்ளை. அவரிடம் போய் நின்றார் இன்ஸ்பெக்டர்.

“அண்ணாச்சி, நீங்க ஒரு வாய் குடிச்சா தெருவே குடிக்கும்.”

“மருந்து போட்டது நீரு. நீரு குடியும் வே, பாப்போம்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் மருந்தை மேலே நின்று தூவலாமே தவிர, வாளிக் கயிற்றை சத்தியநேசன் தொடக் கூடாது. அவர் கிறிஸ்தவர்; வேதக்காரர் தொட்டால் கிணறு தீட்டாகிவிடுமாம். கிணறு கெட்டுப்போயிற்று என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது.

“நான் ஊத்துதேன்” என்று முன்னே வந்தாள் கிணற்றடி வீட்டு அன்னத்தாய். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மாவு இடித்துப் பிழைக்கிறவள். ஓர் எறும்பைக்கூட மிதிக்க மனசு வராது. வீட்டுக்குள் போய்ச் செம்பு நிறையச் சிவந்த தண்ணீர் கொண்டுவந்தாள்.

“காலைலயே கிணத்துல மொண்டு வச்சதுய்யா.”

தெரு கூடி நின்றது. சத்தியநேசன் கையைக் குவித்தார், கண்ணை மூடி ஜெபித்தார், அவள் ஊற்ற ஊற்றக் குடித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றியதில் அவர் சட்டை நனைந்தது.

“நல்ல தண்ணி” என்றார்.

அன்று சாயங்காலம் சில பேர் அரைமனசாகக் கிணற்றில் இறைத்தார்கள். விடிவதற்குள் சத்தியநேசனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது.

“ஜெபராணி, வெளிய தெரியக் கூடாது” என்றார் மனைவியிடம்.

“உசிரு போவுது, இப்பவும் கிணறா?” அவள் அழுதாள்.

“தெரிஞ்சா ஒருத்தரும் கிணத்தைத் தொடமாட்டாவ. வாய்க்காலுக்குப் போவாவ. சாவாவ.”

யார் கேட்டாலும், சேரன்மகாதேவிக்கு ஒரு சோலியாகப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னார். அப்படிச் சேரன்மகாதேவிக்குப் போன மனுஷன், செம்பும் கையுமாக உடைமரக் காட்டுக்குள் ஓடுவதை விறகுக்காரி ஒருத்தி பார்த்துத் தொலைத்துவிட்டாள். அப்புறம் தெருவுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? வாய்க்காலில் பழையபடி கூட்டம் நெரிந்தது. சத்தியநேசன் கஞ்சித் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பேதி நின்று எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு முப்பிடாதி ஓடிவந்தான்.

“அய்யா, கிணத்தைத் தூர்க்கப் போறாவ. மம்பட்டியும் கையுமா நிக்காவ.”

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கண் குழிந்து, கன்னம் ஒட்டி, ஆளே அடையாளம் தெரியவில்லை.

“மம்பட்டியக் கீழ போடுங்க. நான் மறுபடியும் குடிக்கேன். இது கிணத்தால வந்த நோவு இல்ல.”

“பின்ன எதனால வந்துச்சு?” என்றார் ஆவுடைநாயகம் பிள்ளை. “போம் வே. பொண்டாட்டி தாலிய நெனச்சுப் பாரும்.”

உண்மையைச் சொன்னால், சத்தியநேசனுக்கே அந்த மருந்தின்மேல் பயம் தட்டியிருந்தது. ஆனாலும் வாய்க்காலுக்குப் போகிற குடங்களை நினைத்தார். கையைக் குவித்தார்.

“அன்னத்தாயி, எல்லாரு கண்ணு முன்னயும் கிணத்துல இறைச்சு ஊத்து.”

அன்னத்தாய் வாளியைத் தொடவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“என்னால ஏலாதுய்யா. அன்னைக்கே மனசு கேக்காம, அந்தச் செவப்பு வெசம் உம்ம வயித்துக்குள்ள போயிரக் கூடாதேன்னு, வாய்க்காத் தண்ணியில மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்துல்லா ஊத்துனேன்.”