மேசை இல்லாதவர்கள் விமானத்துக்குக் கோடு ஒட்டுவது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் ஒரு பிரதி வாங்கி, நான்கு பேர் முறைவைத்துப் படிக்கும் அறையிலிருந்து எழுதுகிறேன். தாங்களும் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம். இனி வருவது புகார்.

'வீட்டிலேயே விமானம்' என்ற பகுதியைத் தங்கள் இதழில் 'விமானப் பிரியன்' என்பவர் எழுதிவருகிறார். அவர் சொன்னபடி ஆறு வாரமாக முழ நீளத்தில் ஒரு மர விமானம் செய்து, வெள்ளைச் சாயமும் பூசிவிட்டேன். இரண்டு பக்கமும் மூக்கிலிருந்து வால்வரை சிவப்புக் கோடு ஒட்டினால் வேலை முடிந்தது. சனிக்கிழமை மாலைக்குள் ஒப்படைத்தால்தான் வாசகர் கண்காட்சியில் இடம். கோடு இல்லாத விமானம் ஏற்கப்படாது என்று தாங்களே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். ஆகவே கோடு பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்தேன். முதல் வரி: "தூசியில்லாத அறையில் அகலமான மேசை ஒன்றைக் காலிசெய்துகொள்ளுங்கள்." இரண்டாவது வரி: "குழந்தைகளையும் வேலையாட்களையும் வெளியே அனுப்பிவிடுங்கள்."

ஐயா, அந்த வேலையாட்கள் நாங்கள்தான். எங்களை எங்கே அனுப்புவது? நான் வீடு வீடாகப் பொட்டலம் கொடுப்பவன். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே மேசையைப் பார்க்கிறேன். எட்டுப் பேர் உட்காரலாம், ஒரு பூச்சாடி மட்டும் உட்கார்ந்திருக்கும். எங்கள் அறையில் பூச்சாடி அளவுக்கு இடம் காலியானால் அங்கே யாராவது காலை நீட்டிவிடுவார். சரி, தகரப் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கிக்கொண்டு, ஒட்டுத்தாளிலிருந்து முதல் கோட்டை வெட்டி, அடித்தாளை உரித்து, "மின்விசிறியை நிறுத்துங்கள்" என்ற மூன்றாவது வரியின்படி விசிறியை நிறுத்தினேன். இரவெல்லாம் அடுக்குமாடி வாசலில் நின்றுவிட்டுப் பகலில் அறையில் தூங்கும், நால்வரில் ஒருவரான காவல்காரர் எழுந்துவிட்டார்.

"எவன்டா காத்த நிறுத்துனது?"

"அண்ணே, அஞ்சே நிமிஷம். கோடு ஒட்டணும்."

"உன் கோட்டுக்கு நான் வேகணுமா?"

விசையைத் தட்டினார். கோடு என் விரலிலிருந்து பறந்து, தேய்த்து விரித்து வைத்திருந்த அவருடைய சீருடைக் கால்சட்டையில், இடுப்பிலிருந்து முழங்கால்வரை, தையலோடு தையலாக ஒட்டிக்கொண்டது. என் வாழ்நாளில் நேராக விழுந்த முதல் கோடு அதுதான். உரிக்கப் போனேன். "விடுறா, நல்லாத்தான் இருக்கு" என்று போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை திரும்பி வந்தவர் நடையே வேறு. "கார்க்காரங்க கண்ணாடிய எறக்கி வணக்கம் சொல்றாங்கடா. ஆறு வருஷத்துல மொத தடவ. இன்னொரு காலுக்கும் ஒண்ணு வெட்டு." ஆறு வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற மனிதருக்குக் கிடைக்காத மரியாதை, என் கை தவறி விழுந்த சிவப்புக் கோட்டுக்குக் கிடைத்திருக்கிறது. இதைப் பற்றித் தாங்கள் ஒரு தலையங்கம் எழுதலாம்.

தாளில் நான்கு கோடுதான் வரும். கடையில் அந்தச் சிவப்பு தீர்ந்துவிட்டது. இரண்டாவது கோட்டை, "ஒரே மூச்சில் அழுத்துங்கள்" என்ற தங்கள் நிபுணரை நம்பி ஒரே மூச்சில் அழுத்தினேன். மூக்கின் வளைவில் அது கிழவன் நெற்றி மாதிரி சுருங்கியது. உரித்து எறிந்தேன். மிச்சம் இரண்டு, அதில் ஒன்றைக் காவல்காரர் கேட்கிறார், நாளோ வெள்ளி. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது எங்கள் தையல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நேரா வெட்டுன துணிய கழுத்துக்கு வச்சா சுருங்காம என்ன செய்யும்? அளவு எடுத்தியா நீ?" விமானத்தின் மேல் செய்தித்தாளைச் சுற்றி, வளைவைக் குறித்து, கழுத்து வெட்டுவதுபோல் வெட்டினார். அதையே மறுபக்கத்துக்கும் வைத்து வெட்டலாம் என்று கத்தியை எடுத்தேன். "இடது கைக்கும் வலது கைக்கும் ஒரே துண்டா? திருப்பி வைடா, மண்டு!" துணி மிச்சம் பிடித்தே பழகியவர், நெருக்கி வைத்து வெட்டியதில் காவல்காரரின் மறுகாலுக்கும் ஒரு பட்டை தேறிவிட்டது. அவரும் குளிர்ந்துபோய்த் தானே விசிறியை நிறுத்தினார். அப்போது எங்கள் சமையல்காரர், "காஞ்ச சட்டியில ஒட்டுனா ஒட்டுனதுதான். தண்ணி விடுங்கப்பா" என்று பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை விமானத்தின் மேல் தெளித்தார். கோடு வழுக்கியது. நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் வைத்து, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளினோம். நான்கு பேர் வியர்வை சொட்டச் சொட்ட ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சுருக்கம் இல்லை. ஒரு குமிழி இல்லை. காவல்காரர் விசில் அடித்தார்.

சோப்புத் தண்ணீர் என்ற ஒரு சொல் தங்கள் நிபுணர் கட்டுரையில் எங்கும் இல்லை. அந்த மனிதர் பெரிய மேசையில் சாய்ந்துகொண்டு, வேலையாள் கொண்டுவந்த தேநீரைக் குடித்தபடி எழுதுகிறார் என்று அறையில் ஏகமனதாக முடிவானது. அவரை உடனே நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை எங்கள் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று கோருகிறேன்.

தங்கள் இதழ் செழிக்கவும், தங்கள் இல்லத்தார் நோயின்றி இருக்கவும் நால்வர் சார்பில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மாடி அறை வாசகன்

பின்குறிப்பு (உறையின் முதுகில்): உறையைக் கிழிக்கும் முன் இதைப் படிக்கவும். விமானத்தை ஒப்படைக்கத் தங்கள் அலுவலகம் வந்தேன். வாங்கி வைத்த மெலிந்த மனிதர் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "வளைவுல சுருக்கமே இல்லையே, எப்படிங்க ஒட்டுனீங்க?" என்றார். "உங்க பத்திரிகையில ஒரு மேதாவி எழுதுறாரே, அவர்ட்டயே கேளுங்க" என்றேன். "அது நான்தாங்க" என்றார். பிழை திருத்தும் வேலைக்கு வந்தவராம். எழுதச் சொன்னது தாங்களாம். இதுவரை ஒரு கோடுகூட ஒட்டியதில்லையாம். வீட்டில் ஐந்து பேர், ஒரு கட்டில். "அப்ப அந்த மேசை?" "ஆசிரியர் ரூம்ல பாத்ததுங்க." ஆகவே உள்ளே இருப்பதை எழுதாததாகக் கொள்ளவும். ஞாயிறு அன்று அவருக்கு வேலை வைக்க வேண்டாம். எங்கள் அறைக்கு வருகிறார். இந்த உறையை ஒட்டிக் கொடுத்ததும் அவர்தான். கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.