ஆளிருக்கு அண்ணனும் கதவில்லாத காடியும்

ஜொகூர் பாருவிலேயே ஒரு காலி இருக்கையைக் காலி என்று ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் ஆளிருக்கு அண்ணன்தான். தெப்ராவ் பக்கம் டோ லாரி வைத்திருக்கிறார். நெடுஞ்சாலையில் மோதி நசுங்கிய கார்களை, அவர் வாயில் 'காடி'களை, இருபது வருடத்துக்கு மேலாக இழுத்து வருகிறவர். அவருடைய நிஜப் பெயர் அவரது அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

அந்த லாரியின் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். முதல் முறை ஏறியபோது நான் ஜன்னலோரம் உட்காரப் போனேன்.

"அங்க வேணாம் தங்கச்சி. ஆள் இருக்கு."

ஆள் இல்லை. ஆனால் இருக்கைப் பட்டை ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது. கியர் கம்பி முழங்காலில் இடிக்க நடுவில் ஒடுங்கிக்கொண்டேன். வழி முழுக்க என் இடது தோள் மட்டும் சில்லென்று இருந்தது. இறங்கும்போது மரியாதைக்கு, "ஏர்கான் நல்லா இருக்கு அண்ணே" என்றேன்.

"அது கெட்டுப்போயி ஆறு மாசமாச்சு" என்றார்.

மாமாக் எனப்படும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு சொல்வார். ஒன்று அவருக்கு, இன்னொன்று எதிர் நாற்காலிக்கு. எழுந்து போகும்போது இரண்டு கிளாஸும் காலியாக இருக்கும். இரண்டாவதை அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் கண்ணைக் கொட்டாமல் காவல் இருந்தேன். சரியான நேரத்தில் எனக்குத் தும்மல் வந்தது.

விபத்து நடந்த இடத்தில் அவர் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வராது. காரைத் தூக்குவதற்கு முன் கூரையில் மூன்று முறை தட்டுவார். "வந்துட்டேன். எறங்குங்க, போலாம்" என்று மெதுவாகச் சொல்வார். பிறகு தன் லாரியின் இடது கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். யாரோ ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி கதவைப் பதமாகச் சாத்துவார். அந்த நேரத்தில் போலீஸ்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் கார் வாங்க யோசனை கேட்கப் போன புத்திசாலி நான்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பத்து வருடமாக மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அந்த நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே, ஒருநாளாவது எதிரே யாரும் இல்லாத தடத்தில் பந்தயக் கார் ஓட்டிவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. கற்றுக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கார் நம்முடையதாக இருக்க வேண்டுமாம். நம் கைக்கு எட்டுவது கிட் கார் ஒன்றுதான். இரும்புக் குழாய்ச் சட்டம், பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின், நான்கு சக்கரம் எல்லாம் தனித்தனியாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கதவு கிடையாது. நம்பர் பிளேட்டும் கிடையாது என்பதால் சாலையில் ஓட்ட முடியாது, டோ லாரியில்தான் போக வேண்டும். அண்ணன் என் வாழ்க்கைக்குள் வந்தது அப்படித்தான்.

பந்தய வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருந்தது. என் வீட்டுக்காரர் சேகர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஓட்டு, நான் தடுக்கல. ஆனா அண்ணன் பாத்து சரின்னு சொல்லணும். இல்லன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுடு."

அண்ணன் சரி என்று சொல்ல வேண்டுமே! முதல் காரைப் பட்டறை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு "ஆள் இருக்கு" என்றார். இரண்டாவதற்கும் அதேதான். மூன்றாவது, பாதி பூட்டிய நிலையில் மீதி பெட்டிகளில் கிடந்தது.

"பெட்டியிலகூடவா அண்ணே?"

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சின்ன ஆளு" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நான்காவது காரைத் தெப்ராவில் ஒரு பட்டறையின் பின்பக்கத்தில் கண்டுபிடித்தேன். பச்சை நிறம், முழுதாகப் பூட்டி முடித்தது, விலையும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. பார்த்தவுடன் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். இதையும் அண்ணன் கெடுத்துவிடக் கூடாது என்று ஒரு தந்திரம் செய்தேன். அவர் வாய் திறப்பதற்குள் காருக்குப் பூசை போட்டுவிடுவது. பூசை போட்ட காரை வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு மனம் வராது. கற்பூரம், தேங்காய், நான்கு எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மதியம் மூன்று மணி. வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. பட்டறையில் மின்சாரம் போய்விட்டது. அண்ணன் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, இதுல ஆள்..."

"இருக்கட்டும் அண்ணே, அவருக்கும் சேத்துதான் பூசை!" என்று சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டேன். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழத்தை வைத்தேன். சேகரும் பட்டறைக்காரரும் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

சத், சத், சத். மூன்று பழம் நசுங்கியது. நான்காவது சத்தத்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை.

குனிந்து பார்த்தேன். இடது பின் சக்கரம் பழத்தின் மேல் ஏறி நின்றது. பழம் கொஞ்சம்கூட நசுங்காமல் மஞ்சளாக, உருண்டையாக இருந்தது. ஒரு காரின் சக்கரத்துக்கு அடியில்! கூரையில் மழை அடிக்கும் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"யாரும் தொடாதீங்க" என்றார் அண்ணன்.

யாரும் தொடவில்லை. பழம் தானாக மெல்ல நழுவி வெளியே வந்தது, சிமெண்டுத் தரையில் உருண்டு அவர் காலடியில் போய் நின்றது. அதன் பிறகு அந்தச் சக்கரம், ஆளே இல்லாமல், சாவகாசமாக அரைச் சுற்று சுற்றி ஓய்ந்தது.

அண்ணன் காரின் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கூரை இல்லாத கார் என்பதால் இருக்கையின் முதுகில் மூன்று முறை தட்டினார். "போதும்யா, எறங்குங்க" என்றார். பிறகு திரும்பாமலேயே பட்டறைக்காரரிடம் கேட்டார்.

"எங்க மோதுச்சு?"

"மோதலயே அண்ணே. புது பெயிண்ட்டு..."

"எங்கய்யா மோதுச்சு?"

பட்டறைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "பாலோ பக்கம் அண்ணே. செம்பனைத் தோட்டத்து ரோட்டுல ஓட்டிப் பாத்தாங்க. மரத்துல..."

"ஓட்டுனவரு?"

"அங்கயே போயிட்டாரு அண்ணே."

அண்ணன் எனக்குக் கையால் காட்டி விளக்கினார். மோதியதில் குழாய்ச் சட்டம் முறுக்கிக்கொண்டுவிட்டது. கார் மூன்று சக்கரத்தில்தான் நிற்கிறது, நான்காவது சும்மா தொங்குகிறது. "சும்மா பாத்தா ஒன்னும் தெரியாதும்மா. வளைவுல பிரேக் அடிச்சா அப்படியே சுத்திரும். பாவம், இவரு அதச் சொல்லத்தான் ஒக்காந்திருக்காரு."

எனக்கு அவமானமாக இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தவள் நான். சேகர் அந்தப் பேனாவை வாங்கி மூடினார்.

லாரியில் திரும்பும்போது, "வாசல்லயே எப்படிண்ணே தெரிஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

"நான் எல்லாக் காடியிலயும் ஆள் இருக்குன்னுதானே சொல்றேன்? நூத்துல ஒன்னு நெசமா இருந்தா போதாதா லா?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் வாங்கியது அந்தப் பெட்டிக் காரைத்தான். "சின்ன ஆளு, தொந்தரவு இருக்காது" என்று அண்ணன் அனுமதி கொடுத்துவிட்டார். வார இறுதிகளில் எங்கள் வீட்டு முன்னால் அவரும் சேகரும் நானும் சேர்ந்து பூட்டினோம். ஒவ்வொரு பற்றவைப்பையும் அவர் விரலால் தடவிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் அறுத்துவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். வகுப்புக்கு முந்தைய நாள்தான் வேலை முடிந்தது.

அவரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தடத்தில் இறக்கினார். நான் பத்துச் சுற்று ஓட்டினேன். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். முடித்து வந்து பார்த்தால், மனிதர் தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலியோரம் நிற்கிறார்.

"என்னண்ணே, பாக்கவே இல்லையா?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்மா."

"பாக்க வேண்டியதுதானே!"

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அவற்றில் ஒன்றும் இல்லை. "நான் போற எடத்துல எல்லாமே முடிஞ்சிருக்கும் தங்கச்சி. ஓடுற காடியப் பாத்து எனக்குப் பழக்கமில்ல." பிறகு தடத்தின் பக்கம் திரும்பிக் கேட்டார். "இன்னொரு வாட்டி ஓட்டுறியா? இப்ப பாக்குறேன்."

கழுத்து வலி உயிர் போனது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி தடத்தில் இறங்கினேன். பந்தயம் கற்றுக்கொள்ள வந்தவள் அந்த ஒரு சுற்றை மட்டும் ரொம்ப மெதுவாக ஓட்டினேன், அண்ணன் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று.